எலதெத்தவின் கைதியும் கப்பற்றலைவரும்
(வரலாறு, மனித இயல்பு, நாகரிகம் பற்றிய ஒரு நோக்கு)

வரலாறு மனிதனுக்கு ஆசான் என்பர். பட்டறிவை மிஞ்சிய படிப்பில்லை என்பதும் நம்மிடையே வழங்கும் வழக்கே. இவ்விரு கூற்றுக்களும் ஒரே நம்பிக்கையின் மீது நிற்கின்றன. துன்புற்றவன் துன்பத்தின் இயல்பை அறிவான், அறிந்தவன் அதனைப் பிறர்க்குச் செய்யான் என்பதே அந்நம்பிக்கை. தனிமனிதனுக்குப் பொருந்துவதாகக் கொள்ளப்படும் இவ்விதியைச் சமூகங்கள் மீதும் ஏற்றி, மானிடம் தான் பட்ட அல்லல்களிலிருந்து பாடம் பயின்று படிப்படியாக நாகரிகம் எய்திவருகின்றது என வாதிடுவாரும் உளர். இந்நம்பிக்கையை ஒரு நூலையும், அந்நூலை எழுதியவரின் வாழ்க்கையையும் துணைக்கொண்டு சோதித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நூல், றொபேட் நொக்ஸ் எழுதி 1681ஆம் ஆண்டில் இலண்டனில் வெளியான ‘இலங்கைத் தீவின் வரலாற்று விவரம்’. கண்டி இராச்சியத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்ட முதல் விரிவான நூல் இது. நாட்டின் இயற்கை, அரசனும் ஆட்சியும், மக்களின் வாழ்வும் வழக்கமும், ஆசிரியரின் சிறைவாசம் என நான்கு பகுதிகளாக அமைந்தது. பதினேழாம் நூற்றாண்டின் கண்டியை ஆராய முற்படும் எவரும் இதனைத் தவிர்த்துச் செல்வதில்லை. நிலமானியம், சாதிப் பிரிவு, உணவு, உடை, திருமணம், தண்டனை ஆகிய எதைப்பற்றி எழுதினாலும் அடிக்குறிப்பில் நொக்ஸின் பெயர் இடம்பெறும். ஆயின், இங்ஙனம் செய்திகளைத் தோண்டியெடுக்கும் சுரங்கமாக நூலைப் பயன்படுத்திப் பழகிய நாம், அதனை ஒரு மனிதனின் சாட்சியமாக முழுமையாகப் படித்தோமா என்பது ஐயத்துக்குரியது. நூலாசிரியர் நிலம் வாங்கி வாழ்ந்த எலதெத்த என்ற ஊரோ, நாம் கல்வி பயிலும் பேராதனைக்கு அணித்தே உடுநுவரப் பகுதியில் உள்ளது.

நிகழ்ந்தவற்றைச் சுருங்கக் கூறலாம். ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனியின் வணிகத்தின் பொருட்டு வந்த ‘ஆன்’ என்ற கப்பல் 1659இல் மசூலிப்பட்டினக் கடலிற் புயலில் அகப்பட்டுப் பாய்மரம் இழந்தது. அதனைச் செப்பனிடுவதற்காகத் திருகோணமலைக்குத் தெற்கேயுள்ள கொட்டியாரக் குடாவை அடைந்தபோது, கப்பற்றலைவரான மூத்த நொக்சும் அவருடைய மகனும் உட்படப் பதினாறு பேர் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களாற் சிறைபிடிக்கப்பட்டனர். 1660 ஏப்பிரலில் அது நிகழ்ந்தது. மகனுக்கு அப்போது வயது பத்தொன்பது. கப்பலுக்குச் சென்று செய்தி கூறிவரும்படி அவர் அனுப்பப்பட்டார். அங்கேயே தங்கித் தப்பியிருக்கலாம். தந்தைக்குக் கொடுத்த வாக்கின்படி அவர் சிறைக்குத் திரும்பிவந்தார். மறு ஆண்டு பெப்ருவரியில் தந்தை காய்ச்சலால் இறந்தார். மகன் பத்தொன்பதரை ஆண்டுகள் கண்டி இராச்சியத்திற் கைதியாக வாழ்ந்து, 1679 ஒக்டோபரில் ஸ்டீவன் ரட்லண்ட் என்ற தோழருடன் ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டையை அடைந்தார்.

கைதி என்ற சொல் இங்கு விலங்கையும் இருட்டறையையும் குறிக்கவில்லை. சிறைப்பட்டோர் வெவ்வேறு கிராமங்களிற் பிரித்து வைக்கப்பட்டனர். அவர்களுக்கு உணவளிக்கும் பொறுப்பு, அரச கட்டளையாற் கிராமத்தவர் தலைமேல் விழுந்தது. நாளடைவில் நொக்ஸ் தொப்பி பின்னி விற்றார். நெல்லை வட்டிக்குக் கொடுத்தார். ஊர் ஊராகச் சென்று சிறு வணிகமும் செய்தார். எலதெத்தவில் அவர் நிலம் வாங்கியபோது, நாட்டு வழக்கப்படி ஓலையில் உறுதி எழுதப்பட்டது. ஊரின் முதன்மையாளர் எழுவர் எண்மர் அதற்குச் சாட்சியாயினர். அரசன் கொடுங்கோலன் என்பதை நொக்ஸ் பல பக்கங்களில் விவரிக்கின்றார். யானையின் காலில் இடறச் செய்யும் தண்டனையும் அவற்றுள் ஒன்று. ஆயினும் அக்கொடுங்கோன்மையின் நிழலிலேயே, மொழியாலும் மதத்தாலும் அந்நியனான ஒரு கைதியின் பெயரால் எழுதப்பட்ட ஓலை செல்லுபடியாயிற்று. அரண்மனையின் நாகரிகம் வேறு, கிராமத்தின் நாகரிகம் வேறு என்பதை நூலாசிரியர் எங்கும் வெளிப்படையாகக் கூறவில்லை. அவர் தந்த விவரங்களே அதனைக் கூறிவிடுகின்றன.

மக்களைப்பற்றிய அவரது மதிப்பீடும் கவனிக்கத்தக்கது. அவர்கள் களவை வெறுப்பவர்கள், பொய் கூறுவதற்கோ வெட்கப்படாதவர்கள் என அவர் எழுதுகின்றார். புகழ்ச்சியும் இகழ்ச்சியும் அருகருகே வருகின்றன. தாய்நாட்டுச் சமயப்பற்றின் அளவுகோலை அவர் ஒருபோதும் கைவிடவில்லை. இருந்தும், பிற்காலத்துக் குடியேற்ற அதிகாரிகள் சிலரின் எழுத்திற் காணும் ஏளனம் இவரிடம் குறைவு. காரணம் வெளிப்படை. அதிகாரி மேலிருந்து பார்த்தான். நொக்ஸ் அவர்களுடைய நெல்லையும் உப்பையும் நம்பி உயிர்வாழ்ந்தார். மனிதரை மனிதராகக் காண்பதற்கு, சில வேளைகளில் அவர்களிடம் கையேந்தி நிற்கும் நிலையே உதவுகின்றது போலும்.

இனி, நூலிற் பெரும்பாலோர் கடந்துசெல்லும் ஓர் இடத்துக்கு வருவோம். தந்தையும் மகனும் காய்ச்சலால் விழுந்து கிடந்த நாட்களில் அவர்களுடன் மூன்றாவதாக ஒருவன் இருந்தான். மூத்த நொக்ஸ் தமக்குப் பணிசெய்வதற்காகப் பறங்கிப்பேட்டையிலிருந்து கொண்டுவந்த சிறுவன் அவன். நூல் அவனைக் ‘கறுத்தப் பையன்’ என்றே குறிப்பிடுகின்றது. பறங்கிப்பேட்டை சோழமண்டலக் கரையிலுள்ள தமிழ்ப் பட்டினமாதலின், அவன் நம் மொழி பேசியவனாகவும் இருந்திருக்கக்கூடும். எசமான் தன் நிறத்தவரின் கையிற் கைதியானதைக் கண்டதும், பையன் சொற்கேளாமல் தன் விருப்பப்படி நடந்தான் என்பது நொக்ஸின் முறைப்பாடு.

இம்முறைப்பாட்டைச் சற்று நின்று படிக்க வேண்டும். அரசனின் பிடி தளரும் நாளை எதிர்பார்த்துப் பத்தொன்பது ஆண்டுகள் காத்திருந்தவர் நொக்ஸ். தம் எசமானின் பிடி தளர்ந்த நாளில் அப்பையனும் அதனையே செய்தான். ஒன்று விடுதலை வேட்கையாகவும், மற்றது கீழ்ப்படியாமையாகவும் ஒரே நூலில் எழுதப்பட்டுள்ளன. சிறைக்குள் ஒரு சிறை இருந்ததும், அதன் திறவுகோல் தம் தந்தையின் கையில் இருந்ததும் நொக்ஸின் கண்ணுக்குப் புலப்படவில்லை.

இளமைக் காலத்து அறியாமை இது, பின்னர் அவர் உணர்ந்திருப்பார் என்று நாம் ஆறுதல் கொள்ள முடியாது. தாயகம் மீண்ட நொக்ஸ், ‘தொங்கின் மேர்ச்சன்ற்’ என்ற கம்பனிக் கப்பலுக்குத் தலைவரானார். 1684இல் அக்கப்பல் மடகஸ்காரை நோக்கிப் புறப்பட்டது. அங்கு அடிமைகளைப் பெற்றுச் சென்ற் ஹெலினாத் தீவிற் கொண்டுசேர்ப்பதே பயணத்தின் நோக்கம். அரிப்புக் கோட்டையின் வாயிலில் விடுதலை பெற்று நின்ற நாளுக்கும் இப்பயணத்துக்கும் இடையே ஐந்தே ஆண்டுகள். அந்நியக் கரையிற் பிடிபட்டு, உற்றாரைப் பிரிந்து, வேற்றுமொழி கேட்டு வாழ்வதன் கொடுமையை அவரினும் நன்கு அறிந்த மாலுமி அக்காலத்தில் எத்தனை பேர் இருந்திருப்பர்? அவரே மனிதரைப் பிடித்துச் செல்லும் கப்பலின் மேற்றளத்தில் நின்றார்.

டானியல் டீபோவின் ‘றொபின்சன் குரூசோ’ 1719இல் வெளிவந்தது. நொக்ஸின் அனுபவம் அந்நாவலுக்கு ஊற்றுக்களில் ஒன்றாக இருந்தது என்று ஆய்வாளர் பலர் கூறுவர். நொக்ஸின் கதையை டீபோ அறிந்திருந்தார் என்பதில் ஐயமில்லை. அடுத்த ஆண்டில் வெளியான ‘கப்டன் சிங்கிள்ற்றன்’ நாவலில் அதனை அவர் சுருக்கியே தருகின்றார். தனிமை, கைத்தொழில், பைபிள் வாசிப்பு என்பவற்றையே இவ்விருவருக்கும் உரிய ஒற்றுமைகளாகப் பொதுவில் எடுத்துக்காட்டுவர். தொப்பி ஒன்றைக் கொடுத்து நொக்ஸ் பைபிளைப் பெற்ற நிகழ்ச்சியும் நினைவூட்டப்படும். அவற்றினும் ஆழமான ஒற்றுமை ஒன்றுண்டு. தீவில் ஒதுங்குவதற்கு முன் குரூசோ மொறோக்கோக் கரையில் அடிமையாயிருந்தவன். தப்பிச் செல்லத் தனக்குத் துணைநின்ற சூரி என்ற சிறுவனையே அவன் விற்கின்றான். பின்னர் அடிமைகளைக் கொண்டுவரக் கினிக் கரைக்குச் செல்லும் வழியிலேயே கப்பல் உடைந்து தீவிற் சேர்கின்றான். கைதியாயிருந்தவன் கைதிகளைத் தேடிப் போகும் இக்கதையை எத்தனையோ தலைமுறைச் சிறுவர்கள் வீரக் கதையாகப் படித்து வளர்ந்தனர். நாமும் அங்ஙனமே படித்தோம். சூரி நம் நினைவில் தங்கவில்லை.

இதற்கு இருவகை விளக்கங்கள் கூறப்படலாம். மனித இயல்பு என்றும் மாறாதது, வாய்ப்புக் கிடைத்தால் எவரும் பிறரை ஒடுக்கவே முற்படுவர் என்பது ஒன்று. நொக்ஸ் சிறுவனாயிருந்த 1651இல் ஹொப்ஸ் வெளியிட்ட ‘லெவியதன்’ ஏறத்தாழ இந்நோக்கிலிருந்தே அரசின் தேவையை நிறுவ முயன்றது. மனித இயல்பு என்று தனியே ஒன்றில்லை, சமூக உறவுகளே மனிதனை உருவாக்குகின்றன என்பது மற்றொன்று. மார்க்சின் வழி வந்தோர் இதனை வற்புறுத்துவர்.

முதல் விளக்கம் நொக்ஸிடமே தோற்றுவிடுகின்றது. தந்தைக்குக் கொடுத்த வாக்குக்காகச் சிறைக்குத் திரும்பியவர் அவர். தம்முடன் சிறைப்பட்ட ஆங்கிலேயர் ஒருவரின் மகளான லூசியாவை வளர்த்து, எலதெத்த நிலத்தை அவளுக்கே உரிமையாக்கியவரும் அவரே. இவர் இயல்பிலேயே கொடியவர் என்று கூற எவரும் துணியார். இரண்டாவது விளக்கம் வலிமை மிக்கது. எலதெத்தவில் அவர் குடியானவர், கப்பலில் அவர் இலாபம் தேடும் கம்பனியின் ஊழியர். நிலை மாறியதும் நெஞ்சும் மாறிற்று. ஆயின் இவ்விளக்கத்தை முடிந்த முடிபாகக் கொண்டால், மனிதன் தன் நிலைக்குக் கைதி என்றாகிவிடும். அதற்கு மாறான சான்று அதே காலத்தில் உண்டு. அமெரிக்காவில் ஜேர்மன்ரவுண் என்ற ஊரிற் குடியேறியிருந்த குவேக்கர் சிலர், 1688இல் அடிமை முறையைக் கண்டித்து விண்ணப்பம் ஒன்றை எழுதினர். ஐரோப்பாவில் மனச்சாட்சியின் பொருட்டு ஒடுக்கப்படுவோரையும், அமெரிக்காவில் நிறத்தின் பொருட்டு ஒடுக்கப்படுவோரையும் அவர்கள் அருகருகே வைத்துக் காட்டினர். நொக்ஸ் மடகஸ்காருக்குப் புறப்பட்டு நான்கே ஆண்டுகள் கழிந்திருந்தன. காலம் ஒன்று, வணிக உலகமும் ஒன்று. இவர்கள் செய்து நொக்ஸ் செய்யாதது யாது?

ஒப்பிட்டமையே அது. நொக்ஸிடம் அனுபவம் மிகுந்திருந்தது. குவேக்கர்கள் தம் அனுபவத்தை மற்றொருவனின் அனுபவத்தோடு ஒப்புநோக்கினர். துன்பம் தன்னளவில் எதையும் கற்பிப்பதில்லை. அது மனிதனைத் தன்னுள்ளேயே சுருங்கச் செய்வதும் உண்டு. ‘எனக்கு நேர்ந்தது’ என்பதிலிருந்து ‘இவனுக்கும் நேர்கின்றது’ என்பதற்குச் செல்லும் அடி தானாக வைக்கப்படுவதில்லை. அதனை எண்ணித் துணிந்து வைக்க வேண்டியுள்ளது. நாகரிகம் அந்த அடியில் தொடங்குகின்றது என்பதே இக்கட்டுரை முன்வைக்கும் கருத்து.

தமிழில் ‘நாகரிகம்’ என்ற சொல் கடந்து வந்த வழியும் இதற்கு அரண் செய்கின்றது. இன்று நாம் அச்சொல்லை மாடமாளிகை, நீர்ப்பாசனம், எழுத்து, இயந்திரம் ஆகியவற்றோடு இணைத்தே வழங்குகின்றோம். வள்ளுவர் அதனைக் கண்ணோட்டம் என்ற அதிகாரத்தின் இறுதிக் குறளில் வைத்துள்ளார். பழகியவரின் முகத்தை மறுக்க இயலாத இரக்கப் பண்பே அங்கு நாகரிகம். இன்னாசெய்யாமை அதிகாரத்தில், தன் உயிருக்குத் துன்பம் இன்னதென அறிந்தவன் பிற உயிருக்கு அதனைச் செய்வது எதனாலோ என்று அவரே வியந்து வினவுகின்றார். விடையை அவர் கூறவில்லை. கண்டி மலைகளின் கைதியும் அதற்கு விடை தரவில்லை. வினா நம்மிடம் வந்து நிற்கின்றது.

நொக்ஸ் தப்பியோடிய வழியை நினைத்துப் பார்ப்போம். அநுராதபுரத்தைக் கடந்து, அருவியாற்றின் கரைவழியே காட்டினூடாக மன்னார்ப் பகுதியின் அரிப்பை அவர் அடைந்தார். ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளின் பின், அவ்வழிக்கு எதிர்த்திசையில் மனிதர் நடக்கத் தொடங்கினர். தமிழகத்திலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை, மாத்தளை வழியாகக் கண்டியின் கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர் அவர்கள். கொள்ளைநோயாலும் காய்ச்சலாலும் பசியாலும் அவ்வழியில் மடிந்தோர் பலர். ஒரு கைதி விடுதலையை நோக்கி நடந்த காட்டினூடே, பல்லாயிரவர் கடனும் கங்காணியும் பிணித்த வாழ்வை நோக்கி நடந்தனர். முதலாவது நடை உலகப் புகழ்பெற்ற நூலாயிற்று. இரண்டாவது நடைக்கு நெடுங்காலம் வாய்மொழிப் பாடல்களே வரலாறாயின. இவர்களது வழித்தோன்றல்களிற் பெரும்பாலோர் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராயினர். 1964இல் இரு நாட்டுப் பிரதமர்கள் செய்த உடன்படிக்கை, ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கு என்றும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கு என்றும் பங்கிட்டது. எஞ்சியோரின் நாடற்ற நிலையை முடிவுக்குக் கொண்டுவரும் சட்டம் 2003இலேதான் வந்தது. எலதெத்தவில் ஓர் அந்நியக் கைதிக்கு ஓலையில் உறுதி எழுதிக்கொடுத்த நாடு, தன் மலைகளைச் செல்வமாக்கிய மக்களுக்கு ஒரு தாளில் உரிமை எழுதிக்கொடுக்க அரை நூற்றாண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டது.

பிறரைச் சுட்டும் விரலோடு இவ்வாராய்ச்சியை முடித்துக்கொள்வது எளிது. நொக்சும் அங்ஙனமே இராசசிங்கனைச் சுட்டினார். தமிழ் பேசுவோராகிய நாம் பட்ட துயரங்களின் பட்டியல் நீண்டது. 1956, 1958, 1977, 1983 என்று ஆண்டுகளையே பெயராகச் சொல்லும் வழக்கம் நம்மிடம் உண்டு. அப்பட்டியல் உண்மையானது. அதனைக் குறைத்துக் கூறுவது வரலாற்றுக்குச் செய்யும் துரோகமாகும். ஆயின் 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாயிலில் தமிழரைத் தமிழரே தடுத்துநின்ற நிகழ்ச்சியை எந்தப் பட்டியலிற் சேர்ப்பது? 1990 ஒக்டோபரில் வடபுல முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வீடுவாசலை விட்டு வெளியேற்றப்பட்டதை எங்கே எழுதுவது? 1983இல் வீடிழந்து அகதியானவர்களின் துயரை நன்கறிந்த ஒரு சமூகத்தின் பெயரால், ஏழே ஆண்டுகளின் பின் அது நிகழ்ந்தது. அரிப்புக்கும் மடகஸ்காருக்கும் இடையே ஐந்து ஆண்டுகள் என்று மேலே எழுதியபோது இவ்வெண்ணும் நினைவுக்கு வராமற் போகவில்லை.

இவை பெரும் நிகழ்ச்சிகள், மாணவராகிய நமக்கு இவற்றில் என்ன பங்கு என்று கேட்கலாம். பெரியவற்றின் அமைப்பைச் சிறியவற்றிலேயே தெளிவாகக் காண முடியும். நம் பல்கலைக்கழகங்களில் ஆண்டுதோறும் நிகழும் பகிடிவதையை எடுத்துக்கொள்வோம். 1998இல் அதனைத் தடைசெய்யும் சட்டம் இயற்றப்பட்ட பின்னரும் அது ஒழியவில்லை. முதலாண்டில் அவமானப்பட்டு, இரவில் உறக்கமின்றி அழுதவனே மறு ஆண்டில் வாயிலில் நின்று புதியவனை அழைக்கின்றான். ஏன் என்று வினவினால், ‘நாங்களும் பட்டோம்தானே’ என்பதே விடை. இவ்விடையை ஊன்றி நோக்குக. பட்டதனாற் செய்யமாட்டேன் என்ற முடிபுக்குச் செல்ல வேண்டிய அனுபவம், பட்டதனாற் செய்யும் உரிமை பெற்றேன் என்ற முடிபுக்குச் சென்றுவிட்டது. மடகஸ்கார் செல்லும் கப்பலுக்கு மேற்றளம் வேண்டியதில்லை. விடுதியின் ஓர் அறையே போதும்.

ஆதலின், வரலாறு ஆசான் என்ற கூற்றை ஒரு திருத்தத்துடனேயே ஏற்க முடியும். தன் காயத்தை மட்டும் வாசிப்பவனுக்கு வரலாறு கணக்கேடாகும், அவன் அதிலிருந்து வசூலிக்கவே கற்பான். தன் காயத்தையும் தான் ஏற்படுத்திய காயத்தையும் ஒருசேர வாசிப்பவனுக்கே அது ஆசானாகும். இவ்வாறு வாசிக்கப் பழக்குவது இலக்கியத் திறனாய்வின் கடமைகளுள் ஒன்று. நூலில் உரக்கப் பேசுபவனைக் கேட்டபின், பேச இடம் பெறாதவனையும் அது தேடவேண்டும். நொக்ஸின் நூல் இதனால் மதிப்பிழந்துவிடவில்லை. அவர் அறியாமலே விட்டுச்சென்ற சான்றுகளாலேயே அவரைக் கேள்வி கேட்கின்றோம் என்பது அந்நூலின் நேர்மைக்குச் சான்று.

நொக்ஸ் 1720இல் இறந்தார். தந்தையின் அடக்கம், தம் தப்புதல், தம் நன்றியுணர்வு ஆகியவற்றை அவர் எழுதிவைத்தார். பறங்கிப்பேட்டைப் பையனுக்கு ஒரு பெயரை எழுதிவைக்கவில்லை. நாம் எழுதப்போகும் வரலாறுகளிலும் பெயரிடாது விடப்பட்ட பையன் ஒருவன் எங்கோ ஒரு பக்கத்தில் நிற்கக்கூடும். அப்பக்கத்தை நாமே முதலிற் கண்டு படிப்போமாயின், எலதெத்தவுக்கு அருகே அமர்ந்து வரலாறு பயின்றதற்குப் பொருள் உண்டு.